கிரிட்டாவில் தூரிகை வரையவில்லையா, நிறம் மாறுகிறதா? பழுதைத் தேடும் முறை

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் படம் வரையப் பழகுபவருக்குச் சில நாட்களிலேயே இரண்டு சிக்கல்கள் வந்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய தூரிகை இன்று கோடே போடாது. அல்லது தேர்ந்தெடுத்த நிறம் ஒன்றாகவும் திரையில் தெரியும் நிறம் வேறாகவும் இருக்கும். உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவப் பலரும் முனைகின்றனர். நாம் மாற்றிய அமைப்புகளைச் சேமித்து வைக்கும் அமைப்புக் கோப்பு கணினியிலேயே தங்கிவிட்டால் பழுதும் அதனுடன் தங்கிவிடும் என்பதால் அது பெரும்பாலும் வீண் வேலை. எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், பழுது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: ஒரு புதிய கோப்பைத் திறந்து, அதே தூரிகையால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அங்கே கோடு விழுந்தால் தூரிகையின் மீது குற்றமில்லை. பழைய கோப்பில்தான் ஏதோ தடுக்கிறது.

இரண்டாம் படி, கோடு விழுந்தவர்களுக்கானது. பழைய கோப்புக்குத் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளின் (லேயர்) பலகத்தைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் அடுக்கு பூட்டப்பட்டிருக்கலாம், கண் குறி அணைந்து மறைந்திருக்கலாம், அல்லது அது பல அடுக்குகளைத் தொகுத்து வைக்க மட்டுமே உதவும், வரைய முடியாத குரூப் லேயராக இருக்கலாம். இவை எளிதில் கண்ணில் படுபவை. கண்ணில் படாதது தேர்வுப் பகுதி. செலக்‌ஷன் கருவி கையில் இருக்கும்போது பேனா தவறுதலாகப் பட்டு இழுபட்டால், படத்தின் ஒரு மூலையில் கடுகளவு இடம் தேர்வாகிவிடும். அதன் பிறகு அந்தக் கடுகுக்குள் மட்டுமே மை விழும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலன்றி, அதைச் சுற்றி ஊரும் புள்ளிக்கோடு தெரியாது. தேடிக்கொண்டிருக்காமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள், தேர்வு நீங்கிவிடும்.

மூன்றாம் படி, புதிய கோப்பிலும் கோடு விழாதவர்களுக்கானது. மேல்பட்டையில் அழிப்பான் குறி அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில ‘ஈ’ விசையில் விரல் பட்டாலே தூரிகை அழிப்பானாக மாறிவிடும். மறுபடி அதே விசையை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். அடுத்து ஒபாசிட்டி, அதாவது மை எவ்வளவு ஒளிபுகாமல் விழும் என்ற அளவு சுழியத்துக்கு அருகில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எதை மாற்றினோம் என்றே நினைவில்லாதபோது, தூரிகைப் பெயருக்கு அருகே உள்ள வட்ட அம்புக்குறியை அழுத்தினால் அது முதலில் இருந்த நிலைக்குத் திரும்பும். குறுக்குவிசை எதுவுமே வேலை செய்யவில்லையென்றால், விசைப்பலகை தமிழ்த் தட்டச்சில் நின்றுவிட்டதா என்றும் பார்ப்பது நல்லது.

விண்டோஸில் கோடு விழுந்தும் பேனாவின் அழுத்தத்துக்கேற்ப அது தடிக்கவோ மெலியவோ இல்லையென்றால், கன்ஃபிகர் கிரிட்டா என்ற பகுதியில் டேப்லெட் செட்டிங்ஸைத் திறந்து, பேனாவின் அசைவைக் கணினி அறியும் வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் ஆகிய இரண்டில் இப்போது இல்லாத மற்றொன்றைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

இனி நிறம். இங்கும் பிரித்தறிவதே முதல் வேலை. ஆங்கில ‘பி’ (P) விசையை அழுத்தி, நிறத்தை எடுத்துக் காட்டும் கலர் சாம்ப்ளர் கருவியால் படத்தில் தவறாகத் தெரியும் இடத்தைத் தொடுங்கள். ஸ்பெசிஃபிக் கலர் செலக்டர் பலகத்தில் அந்த நிறத்தின் எண்கள் தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்த எண்களிலிருந்து அவை வேறுபட்டால், தூரிகையின் ஒபாசிட்டியோ, நிறம் கீழுள்ள நிறத்தோடு கலக்கும் முறையான பிளெண்டிங் மோடு நார்மலில் இல்லாததோ, மேலே உள்ள வேறொரு அடுக்கோதான் பெரும்பாலும் காரணம். எண்கள் மாறாமல் கண்ணுக்கு மட்டும் நிறம் மங்கித் தெரிந்தால், படம் சரியாகவே இருக்கிறது. அதைக் காட்டும் முறைதான் மாறியிருக்கிறது.

இந்த இரண்டாவது வகையில் நானே ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன். கனகாம்பரச் சரம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது பூவின் ஆரஞ்சு நிறம் திடீரென்று செங்கல் பொடியைப் போல மங்கியது. புதிது புதிதாக நிறம் கலந்தும் அது பளிச்சிடவே இல்லை. நீக்கிய கோட்டைத் திரும்பக் கொண்டுவர, மற்ற மென்பொருள்களின் பழக்கத்தில் கன்ட்ரோலையும் ‘ஒய்’யையும் அழுத்தியிருந்தேன். கிரிட்டாவில் அது சாஃப்ட் புரூஃபிங், அதாவது அச்சில் நிறம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டிக் காட்டும் வசதி. அச்சு மையால் எட்ட முடியாத பளிச்சென்ற நிறங்கள் அதில் மங்கியே தெரியும். அதே விசைகளை மறுபடி அழுத்தியதும் கனகாம்பரம் திரும்பிவிட்டது. நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர இங்கே கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘இசட்’ ஆகியவற்றையே சேர்த்து அழுத்த வேண்டும்.

எந்த நிறத்தைத் தொட்டாலும் சாம்பலாகவே விழுகிறது என்றால், அடுக்குக்குப் பதிலாக அதன் மாஸ்க், அதாவது அடுக்கின் சில பகுதிகளை மறைக்க உதவும் திரை, தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்க்கில் கருப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறெதுவும் விழாது. மாஸ்க் இல்லையென்றால் கோப்பே சாம்பல் சாயல்கள் மட்டுமே கொண்ட கிரேஸ்கேலில் தொடங்கப்பட்டிருக்கலாம். இமேஜ் பட்டியலில் கன்வர்ட் இமேஜ் கலர் ஸ்பேஸ் சென்று, வண்ணங்களை ஏற்கும் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். இனி இடும் நிறங்கள் சரியாக விழும், முன்பு சாம்பலாக விழுந்தவை சாம்பலாகவே இருக்கும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் மட்டும் அமைப்புக் கோப்பில் கை வையுங்கள். விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறையின் லோக்கல் பகுதியில் கிரிட்டாஆர்சி (kritarc) என்ற பெயரில் அது இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு, அந்தக் கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள்; அடுத்த முறை திறக்கும்போது கிரிட்டா புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழையது தேவைப்பட்டால் பெயரைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.