பின்திரையில் பளிச், கணினியில் மங்கல்

வேடந்தாங்கலில் சங்குவளை நாரைகளை நாள் முழுக்கப் படமெடுத்தேன். கேமராவின் பின்திரையில் எல்லாமே பளிச்சென்று இருந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், பாதிப் படங்களில் நாரையின் கண் மசமசவென்று கிடக்கிறது. பின்னால் இருந்த கிளை மட்டும் அத்தனை துல்லியம்! 24 மெகாபிக்சல் படத்தை 3 அங்குலத் திரைக்குள் சுருக்கினால் சின்ன மங்கல் எங்கே தெரியப்போகிறது?

அப்புறம் மெனுவைக் குடைந்து, ஒரு பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் புள்ளியிலேயே 100% (படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாக) பெரிதாகும்படி வைத்தேன். இப்போது முதல் நாலு படத்திலேயே கண்ணைப் பார்த்துவிடுவேன். கண் மங்கி, கிளை தெளிவென்றால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம்; ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு ஏற்றுவேன். 100 சதவீதத்தைத் தாண்டிப் பெரிதாக்குவது வீண், நல்ல படமும் மங்கலாகத்தான் தெரியும்.