ஆளில்லாத வீட்டில் செடி வாடாமலிருக்க: பொறியியல் வடிவமைப்பைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம்

ஏழு நாள் வீடு பூட்டியிருக்கும். ஒரு தொட்டிச் செடி பிழைக்க வேண்டும். வடிவமைப்பு முறையைப் பழக இது நல்ல சிக்கல், ஏனென்றால் இதில் எல்லாவற்றையும் அளக்க முடியும்.

படி 1: சிக்கலை எண்ணில் சொல்லுங்கள்

"செடி வாடக்கூடாது" என்பதைச் சோதிக்க வழியில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்து முடிந்ததும் எடை போடுங்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடியும் போடுங்கள். 60 கிராம் குறைந்திருந்தால், ஒரு நாள் செலவு 60 மில்லி (1 மில்லி தண்ணீர் 1 கிராம்). ஏழு நாளுக்கு 420 மில்லி. வெயில் ஏறினால் செலவும் ஏறும். ஆகவே 600 மில்லி கொள்ளும் பாத்திரம். மின்சாரம் கூடாது, தரை நனையக் கூடாது என்ற கட்டுப்பாடுகளையும் இப்போதே எழுதிவிடுங்கள். பெரும்பாலானோர் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். பிறகு செய்தது சரியா தவறா என்றே தெரியாமல் போகிறது.

படி 2: மூன்று யோசனையாவது வேண்டும்

கவிழ்த்து வைத்த பாட்டில்: எளிது, ஆனால் மண் பொலபொலவென்றிருந்தால் சீக்கிரமே காலியாகிவிடும். சொட்டுக் குழாய்: நுண்துளை தூசியில் அடைபடும். துணித்திரி: மண் காயக் காயத் தானே நீரை இழுக்கும். திரியையே எடுத்துக்கொள்வோம்.

படி 3: மாதிரி

5 மில்லிமீட்டர் தடிமனில் 40 சென்டிமீட்டர் பருத்திக் கயிறு. முதலில் அதை முழுக்க நனையுங்கள். காய்ந்த திரி நீரை இழுக்கத் தயங்கும். ஒரு முனையை ஈர மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழம் புதைத்து, மறுமுனையைப் பாத்திரத்தின் அடியைத் தொடும்படி விடுங்கள். நீர்மட்டம் எப்போதும் மண்ணைவிடத் தாழ்வாக இருக்கட்டும். மேலே இருந்தால் திரி வடிகுழாய்போல் வேலைசெய்து தொட்டியை நிரப்பி வழியவிடும். மிகவும் தாழ்ந்தாலும் நீர் ஏறாது. 10 சென்டிமீட்டருக்குள் வையுங்கள்.

படி 4: சோதனை, திருத்தம்

தொட்டி, பாத்திரம் இரண்டையும் தனித்தனியே எடை போட்டு, 24 மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள். தொட்டியின் எடை ஏறக்குறைய மாறாதிருந்தால் வெற்றி. இரண்டுமே குறைந்திருந்தால் வெளியே தெரியும் திரியிலிருந்தும் நீர் ஆவியாகிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியை உறிஞ்சுகுழலுக்குள் நுழைத்துவிடுங்கள். பாத்திரத்திலிருந்து 20 மில்லிதான் போயிருந்தால் திரியை மூன்றாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். திரியையும் உயரத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று பிரிக்க முடியாது.

கடைசியாக, வீட்டில் ஆள் இருக்கும்போதே ஏழு நாளும் ஓட்டிப் பாருங்கள். நீர்மட்டம் இறங்க இறங்கத் திரி ஏற்ற வேண்டிய உயரம் கூடும். வேகம் குறைவது கடைசி நாட்களில்தான் தெரியும். அப்படிக் குறைந்தால், உயரமான பாட்டிலுக்குப் பதில் அகலமான, ஆழமில்லாத, மூடியுள்ள பாத்திரம் வையுங்கள்.