இட்லி வேகும் முன் ஒன்றரை மணி நேரம்: குடும்பப் பயணத்தில் பறவை பார்க்கும் வழி

குடும்பத்தோடு கிளம்பிய பயணத்தில் "ஒரு நாள் முழுக்கப் பறவைக்கு" என்று கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் மாமியார் முதல் கடைக்குட்டி வரை காருக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வேண்டியது விடியலில் ஒன்றரை மணி நேரம் மட்டும். வீட்டில் யாரும் எழாத நேரம் அது, பறவைகள் அதிகம் இரை தேடிச் சத்தம் போடுகிற நேரமும் அதுதான். பத்து மணிக்கு மேல் கொங்கு வெயிலில் பாதிக்கு மேல் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

ஜனவரியில் கோவையில் சூரியன் எழ ஏறக்குறைய 6.45 ஆகும், மே மாதத்தில் 6 மணி. அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் இடத்தில் நிற்க வேண்டும். பொங்கல் லீவில் என்றால் 6.30 முதல் 8 வரை. வீட்டில் "எட்டரைக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு எட்டேகாலுக்கு வந்தால் மறுநாளும் விடுவார்கள். ஒன்பதரைக்கு வந்தால் அடுத்த நோம்பி வரை அந்தப் பேச்சு ஓடும்.

இடம் தங்குமிடத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். பேர் பெற்ற இடத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் போவதைவிடப் பக்கத்துக் குளம் மேல். கோவையில் சிங்காநல்லூர், சூலூர், பேரூர் குளங்கள் இருக்கின்றன. திருப்பூர்ப் பக்கம் நஞ்சராயன் குளம், 2024 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று சர்வதேசப் பட்டியலில் இருப்பது. ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு, அங்கே பறவைகள் சரணாலயம், 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகள் மிரளக்கூடாது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாத குளம் அது. சரணாலயத்துக்குப் போவதானால் கேட் திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். விடியலில் பூட்டிய கேட்டுக்கு முன் நிற்பவர்கள் நிறைய. அப்படி ஆகிவிட்டால் திரும்பிவிடாமல், கேட் திறக்கும் வரை வெளியே வயலையும் வாய்க்காலையும் பாருங்கள்.

வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் நிறம் தெரியும். மேற்குக் கரையில் நின்றால் ஊசிவால் வாத்தும் தட்டைவாயன் வாத்தும் ஒரே கருப்பு உருவம்தான். எந்தக் கரைக்கு வண்டி போகும் என்று இரவே மேப்பில் பார்த்துவிடுங்கள். கரை முழுக்க நடக்க வேண்டியதில்லை. அரைக் கிலோமீட்டருக்குள் மூன்று இடத்தில் பத்துப் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், நடந்துகொண்டே இருப்பவரைவிட அதிகம் பார்ப்பீர்கள். முக்குளிப்பானும் நீலத்தாழைக்கோழியும் ஆள் நின்றபிறகுதான் புல்லுக்குள்ளிருந்து வெளியே வரும்.

பைனாகுலர் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்து மி.மீ. சொச்சம், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. சட்டைப்பையில் போடும் 8x21இல் இது இரண்டரை மி.மீ.தான், அதனால் விடியலில் இருட்டாகத் தெரியும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகும். முதலில் இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை நடுக்கீலை மடக்குங்கள். வலது குழாயை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்தை இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள், ஏனென்றால் குழந்தைகள் முதலில் திருகுவது அதைத்தான். ஒற்றைக்கண்ணில் தெளிவு, இரண்டும் சேர்ந்தால் மங்கல் என்றால் வளையம் நகர்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் பைனாகுலர் கண்ணாடியில் ஈரம் படிந்து மூடிக்கொள்ளும்; இரவே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தங்கினால் வண்டியே தேவையில்லை. இரவு சாப்பாட்டின்போது "அப்பிச்சி, நாளைக்கு எந்தப் பக்கம் தண்ணி கட்டறீங்க?" என்று கேட்டுவைப்பது எந்த ஆப்பையும்விடப் பயன்தரும். தண்ணி பாயும் பாத்தியில் புழு பூச்சி மேலே வரும். மடையானும் வாலாட்டியும் மைனாவும் பின்னாலேயே வரும். டிராக்டர் உழுதால் உண்ணிக்கொக்கும் கரிச்சானும். கிணற்று ஓரம் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்: கீழே நீளக் குழாய் இருப்பது முடிந்த கூடு, தலைக்கவசம் போல் பாதியில் நிற்பது பெரும்பாலும் பெட்டை ஏற்காமல் விட்டது. காங்கயம், தாராபுரம் பக்கம் என்றால் கிளுவை வேலி போட்ட கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்கும். கௌதாரி, பனங்காடை, வானம்பாடி, கீச்சான் எல்லாம் வேலி ஓரமாக நின்றே கிடைக்கும். உள்ளே போவதானால் காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திறந்த படலைச் சாத்துங்கள். சாத்தாமல் விட்டால் மாடு பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் இறங்கும். நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வால்பாறைக்கு மட்டும் இந்த விடியல் கணக்கு ஆகாது. தேயிலைக் காட்டில் யானை, காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் நடமாடும். நன்றாக வெளிச்சம் வரும்வரை விடுதி வளாகத்தை விட்டு இறங்காதீர்கள். பழுத்த ஆல், அத்தி மரம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதையே பாருங்கள். மலை இருவாச்சி பழத்துக்கு வரும். பார்ப்பதற்கு முன்னே சிறகுச் சத்தம் கேட்கும், பழைய நீராவி ரயில் மூச்சு விடுவது போல. ஆழியாரிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் காட்டுப் பகுதியில் வண்டியை விட்டு இறங்கக்கூடாது.

பகலில் தனியாக நேரம் கேட்காதீர்கள். பவானிசாகரில் மற்றவர்கள் மீன் வறுவலுக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஆற்று ஆலாவும் செம்பருந்தும் பார்த்துவிடலாம். பைனாகுலர் கழுத்தில் இருந்தால்தான் இது நடக்கும், டிக்கியில் இருந்தால் நடக்காது. வண்டி ஓட்டுபவர் மின்கம்பியில் என்ன பறவை என்று பார்க்கவே கூடாது. அந்த வேலையைப் பின்சீட்டுக்குக் கொடுங்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப்புக்கு இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி ஓடும்போது அதை நம்ப வேண்டாம். கண்ணால் பார்க்காமல் அது சொன்ன பெயரை அப்படியே எழுதவும் வேண்டாம். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போட்டுக் காட்டுவது எப்போதும் தவறு, கூடு கட்டும் காலத்தில் இன்னும் மோசம்.

பொங்கல் விடுமுறை என்றால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். எந்த இடத்திலும் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடி கூடப் போதும். நத்தைகுத்தி நாரைக் கூட்டம் பெரிதாக இருந்தால் முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து அடைக்கும் இடம் கூட்டம் முழுக்க எத்தனை தடவை வருகிறது என்று பார்த்துப் பத்தால் பெருக்கி எழுதுங்கள். கூட்டம் பறந்துகொண்டிருந்தால் ஒருவர் எண்ண ஒருவர் எழுத வேண்டும்; எழுதுகிற வேலைக்கு எட்டு வயசுப் பிள்ளை போதும்.