எலும்பு மச்சை மாற்றுவது என்றால் என்ன? அம்மாவுக்கு விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறேன்

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர் தம்பியின் ரிப்போர்ட்டைப் பார்த்து "எட்டமிதுலு" என்றதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் 'மிதுல' என்றால் வீட்டு முற்றம். "என்னா புள்ள, எலும்புக்குள்ள முத்தமா?"

எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற மச்சையைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருந்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எலும்பை வெட்டி வேறு எலும்பு வைக்கமாட்டார்கள். முள்ளந்தண்டில் கைவைப்பதும் இல்லை.

அம்மாவுக்குத் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையை வைத்துச் சொன்னேன். மச்சைதான் இரத்தத்தின் தவறணை. அங்கிருக்கும் ஸ்டெம் செல்கள் தங்களையும் பெருக்கிக்கொண்டு செங்குழியம், வெண்குழியம், பிளேட்லெட் எல்லாவற்றையும் உண்டாக்கும். செங்குழியத்துக்கு ஆயுள் சுமார் 120 நாள், பிளேட்லெட்டுக்குப் பத்து நாள்கூட நிச்சயமில்லை. அதனால் தவறணை ஒருநாளும் ஓயமுடியாது. இரத்தப் புற்றுநோய், அதற்குள் புல் மண்டியது மாதிரி. மருந்தடித்தும் புல் திரும்ப முளைக்கும் என்று பட்டால்தான் மாற்றுச் சிகிச்சைக்குப் போவார்கள்.

"கவ்வாத்து மாதிரியா?" என்றார் அம்மா. இல்லை. கவ்வாத்து வெட்டினால் அதே அடிமரம் துளிர்க்கும். இங்கே கடும் கீமோ கொடுத்து அடிமரத்தையே அழித்துவிட்டு, வேறொருவரின் கன்றை நடுகிறார்கள். மயலோமா (மச்சையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) போன்ற சில நோய்களுக்கு நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே முன்கூட்டி எடுத்துவைத்துத் திருப்பி ஏற்றுவதும் உண்டு. உங்களுக்கு எது என்று டொக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யார் கொடுப்பது? இரத்த வகை முக்கியமில்லை, எச்.எல்.ஏ. என்ற, செல்களின் மேலிருக்கும் அடையாளக் குறி பொருந்தவேண்டும். கூடப்பிறந்த ஒருவருக்கு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. அண்ணனுக்குப் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்தியது. பெற்றோருக்குப் பெரும்பாலும் பாதிதான் பொருந்தும். இப்போது பாதிப் பொருத்தத்திலும் செய்கிறார்கள்.

கொடுப்பவர் பயப்படவேண்டாம். நாலைந்து நாள் ஊசி போட்டார்கள், ஸ்டெம் செல்கள் மச்சையிலிருந்து இரத்தத்துக்கு இறங்குவதற்கு. இடுப்பு எலும்பு, நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்தது போல வலித்தது. பிறகு ஒரு கையிலிருந்து இரத்தம் மெஷினுக்குப் போய், அங்கே ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்த பிறகு மீதி மறு கையால் திரும்பியது. நாலு மணித்தியாலம் மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது, அதுதான் பெரிய கஷ்டம்! சிலருக்கு மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்பார்கள்.

தக்காளி ரசம் நிறத்தில் ஒரு பை. இரத்தம் ஏற்றுவது போலவே தம்பிக்கு ஏற்றினார்கள். "இவ்வளவுதானா?" என்றார் அம்மா.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். புதுக் கன்று வேர்பிடிக்க இரண்டு முதல் நாலு வாரமாகும். அதுவரை உடம்பில் காவல் இல்லை. காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலே அவசரம். பெனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அப்புறம் இன்னொன்று: வந்த செல்கள் தம்பியின் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கலாம். உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருமுன் அவர் இருக்கப்போகும் அறையை, எங்களுக்கென்றால் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம். அது நுரையீரலுக்கு ஆபத்து. தம்பி வருவதற்கு முன்பே சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுத்தோம். பச்சை வல்லாரைச் சம்பல் வேண்டாம் என்றதற்கு அவன் முகம் சுளித்ததை நான் கண்டுகொள்ளவில்லை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையும் பிறகு திரும்பப் போடவேண்டும், அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி முன்பு ஓ பொசிட்டிவ், நான் பி பொசிட்டிவ். சில மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் அவனும் பி. அம்மா அந்தத் தாளை சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்துதான் எடுக்கிறோம்.