பெண்களுக்கான தோல் சைக்கிள் சீட்டு: அளவெடுப்பது முதல் பழக்குவது வரை

கடையில் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதைத்தான் பலரும் வாங்குகிறார்கள். வலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உட்காரும்போது எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். உட்கார்ந்ததும் ஸ்பாஞ்ச் இந்த எலும்புக்குக் கீழே அமுங்கி நடுவில் மேலெழும்பும்; மென்மையான இடத்தைப் போய் அழுத்தும். தோல் சீட்டில் ஸ்பாஞ்சே கிடையாது. சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள ஒரே தோலை முன்மூக்கிலும் பின்பக்க இரும்புத் தகட்டிலும் ரிவெட் அடித்து, தூளி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். எலும்பு படும் இடம் மட்டும் நாளடைவில் குழிந்து கொடுக்கும். ஆனால் எலும்பு தோலின் மேல் விழ வேண்டும், இரும்பின் மேல் விழுந்தால் எத்தனை வருஷம் ஓட்டினாலும் குழியாது. அதனால் முதலில் அகலம்.

படி 1: எலும்பு அளவு

நெளி அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மெத்தையில்லாத மர ஸ்டூலில் போடுங்கள். மெல்லிய உடையில் அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டூலின் அடியைப் பிடித்து உடம்பைக் கீழே இழுங்கள். அரை நிமிஷம் போதும். எழுந்து அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேயுங்கள். குழி மட்டும் வெள்ளை படாமல் நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடுவரை அளக்கவும். மூன்று முறை எடுத்து, ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக ஆண்களுடையதைவிட அகலம். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். உயரத்தையோ உடல் எடையையோ பார்த்து ஊகிக்க முடியாது.

படி 2: எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள்?

இந்த எலும்புகள் பின்னால் அகன்றும் முன்னால் குறுகியும் இருக்கும். லேடீஸ் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை அகலமான பின்பகுதியில் இறங்கும். வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் குறுகிய முன்பகுதிக்கு வரும். ஒரே பெண்ணுக்கு இரண்டு சைக்கிளில் இரண்டு அகலம் தேவைப்படுவது இதனால்தான்.

தோல் சீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ரிவெட் வரிசை ஓடும் பின்விளிம்பில், பக்கத்துக்கு ஒரு செ.மீ. அளவு உட்காரப் பயன்படாது. அதையும் சேர்த்தால், குனிந்து ஓட்டுபவர் எலும்பு அளவோடு சுமார் 4 செ.மீ., நிமிர்ந்து ஓட்டுபவர் 6 முதல் 8 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். உங்கள் அளவு 13 செ.மீ. என்றால் முதல் வகைக்கு 17, இரண்டாவதற்கு 19 முதல் 21.

1866-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் மாடல்களில் பார்த்தால், பி17 சுமார் 17.5 செ.மீ. அகலம். அதன் பெண்கள் வடிவமான பி17 எஸ் ஏறக்குறைய அதே அகலம்தான். மூக்கு மட்டும் சுமார் 3 செ.மீ. குட்டை. பாவாடை, புடவை, தளர்ந்த சுடிதார் மூக்கில் மாட்டாது. பி67 எஸ் 21 செ.மீ.யை ஒட்டி வரும், பின்னால் சுருள் ஸ்பிரிங் உண்டு. எடை பின்னால் இறங்கும்போதுதான் ஸ்பிரிங் வேலை செய்யும் என்பதால், குனிந்து ஓட்டுபவர் ஸ்பிரிங்கின் கூடுதல் பாரத்தைச் சுமக்க வேண்டாம். குனிந்து நெடுந்தூரம் போய் முன்பக்கம் மரத்துப்போகிறவர்கள், நடுவில் வெட்டு விட்ட மாடலைப் பாருங்கள்.

படி 3: பொருத்துவது

சீட்டின் அடியில் ஓடும் கம்பிகள் உங்கள் சைக்கிளின் கிளாம்புக்குப் பொருந்துமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பழைய சில மாடல்களில் கம்பி இரட்டையாக இருக்கும், அதற்குத் தனிக் கிளாம்ப் வேண்டும்.

உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். உயரம் கூடினால் இடுப்பு இருபக்கமும் ஆடி, தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும்.

சாய்வு: சீட்டின் பின்விளிம்புக்கும் மூக்குக்கும் குறுக்கே ஒரு பலகையை வைத்து மட்டம் பாருங்கள். தோல் நடுவில் தொய்வதால் மட்டமாக வைத்தாலே பலருக்கு முன்னால் வழுக்கும், உள்ளங்கை வலிக்கும். மூக்கை அரை செ.மீ. ஏற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது.

படி 4: பழக்குவது

முதல் வாரம் 15, 20 நிமிஷம் போதும். குழி விழச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். எலும்பு பட்ட இரண்டு இடம் மட்டும் கன்றியது மாதிரி வலித்தால் கவலை வேண்டாம், குறைந்துவிடும். வலி வெளிவிளிம்பில் என்றால் சீட்டு குறுகல், இரும்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்தொடை உரசினால் அகலம் அதிகம். முன்பக்கம் மரத்துப்போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்: மூக்கை இறக்குங்கள், ஹேண்டிலைக் கிட்டே கொண்டுவாருங்கள், அப்படியும் தீராவிட்டால் சீட்டை மாற்றுங்கள். மேலே ஜெல் கவர் போட்டால் தோல் உங்கள் உருவத்துக்கு வராது. ஜீன்ஸின் தடித்த தையல் மிகச் சரியாக வலிக்கும் இடத்தில்தான் வரும், நீண்ட தூரத்துக்கு அதைத் தவிருங்கள். வெளிர் நிற உடையில் புதுச் சீட்டின் சாயம் ஒட்டக்கூடும்.

மூக்குக்கு அடியில் இழுவிசை போல்ட் ஒன்று இருக்கும். முதல் சில மாதம் அதைத் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்த பிறகு கால் சுற்று மட்டும். முறுக்கிக்கொண்டே போனால் ரிவெட் ஓரத்தில் தோல் கிழியும்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். தோல் ஊறி, சீக்கிரமே பை மாதிரி தொங்கிவிடும். சீட்டுக்கென விற்கும் மெழுகை மேலே மெல்லியதாகவும், மெருகேற்றாத அடிப்பக்கத்தில் தாராளமாகவும் தடவி, ஒரு ராத்திரி விட்டுத் துடையுங்கள். மட்கார்டு இல்லாத சைக்கிளில் பின்சக்கரம் தண்ணீரை நேராக அந்த அடிப்பக்கத்துக்குத்தான் வாரியடிக்கும். நனைந்துவிட்டால் அதன்மேல் உட்கார வேண்டாம், ஈரத்தோல் இழுபட்டால் திரும்ப வராது. வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி மெல்லியதாக மெழுகு பூசி, காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கட்டியே வைத்திருந்தால் இன்னும் பூக்கும்.