வேர்ல சாப்பிடுற செடிக்குத் தண்ணில உரம் ஊத்தாதீங்க: மீன் தொட்டில தவிர்க்க வேண்டிய தப்புங்க

ரங்கூன்ல மீன் தொட்டி வெச்சிருக்க நம்மாளுங்க கேக்குறதுல முக்காவாசி ஒரே கேள்விதான், இலை மஞ்சளாகுதுங்க, என்ன உரம் ஊத்தலாம்னு. எந்தச் செடி, எந்த இலை மஞ்சளாகுது, அடில என்ன போட்டிருக்கீங்க, இந்த மூணையும் பாக்காம உரத்தைக் கைல எடுக்கவே கூடாதுங்க. அதைப் பாக்காம ஊத்துறதாலதான் செடியும் தேறாம, கண்ணாடி பூரா பாசி பிடிச்சு, கடைசில மீனும் செத்து, செடித் தொட்டியே வேணாம்னு பிளாஸ்டிக் செடிக்குப் போயிடறாங்க. அதைப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா சரி பண்றது அவ்வளவு பெரிய வேலையே இல்ல.

மொதல்ல செடி எங்கேர்ந்து சாப்பிடுதுன்னு தெரிஞ்சுக்கணும். க்ரிப்ட், அமேசான் ஸ்வோர்ட், வாலிஸ்னேரியா, அல்லி வகைங்க, அப்புறம் நம்ம பர்மா ஓடைங்கள்ல தானாவே வளர்ற பார்க்லேயா, இதெல்லாம் வேரை ரொம்ப நம்பி வாழ்ற செடி. பாஸ்பரஸும் இரும்பும் பெரும்பாலும் அடி மண்ணுலேர்ந்து வேர் வழியாத்தான் ஏறும், பொட்டாசியம் கால்சியம் மெக்னீசியம் இதுங்கள தண்ணிலேர்ந்து இலையே எடுத்துக்கும். அப்ப வெறும் ஆத்து மணல்ல ஒரு பெரிய ஸ்வோர்டை நட்டுட்டு பாட்டில் உரத்தை மட்டும் வாராவாரம் ஊத்திக்கிட்டே இருந்தா என்னாகும், மணல்ல சத்துன்னு ஒண்ணுமே கிடையாது, வேர் தேடித் தேடி நீளுது, மேல ஊத்துனதுல பாதி பாசிக்குப் போகுது. இதையே பெருசா பாக்கணும்னா இன்லே ஏரிக்குப் போகலாம், அங்க மிதக்குற தோட்டத்துல தக்காளிக்குப் போடுற உரம் தண்ணில கலந்து பாசியும் வேண்டாத களையும் பெருகுதுன்னு ரொம்ப நாளாவே கவலைப்பட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இதுங்கள மண்ணுக்குள்ள புதைச்சு பக்கத்துல ஒரு உர மாத்திரையையும் சொருகி வெக்கிறாங்க. அந்தத் தண்டுக் கிழங்கு மண்ணுக்குள்ள போனா அழுகிடும். கட்டையிலயோ கல்லுலயோ கட்டி விடுங்க, அதுங்களுக்குத் தண்ணில ஊத்துற உரம்தான் சரி.

இப்ப ரொம்ப ஆபத்தான தப்புக்கு வர்றேன். பெகு பக்கம், தட்டோன் பக்கம் ஊர்ல வயல் இருக்கிற வீடுன்னா மூலையில ஒரு யூரியா மூட்டை கண்டிப்பா இருக்கும், நெல்லுக்குப் போட்டா பச்சுன்னு வருதே தொட்டிச் செடிக்கும் ஒரு சிட்டிகை போட்டா என்ன மாமான்னு கேப்பாங்க. போடவே போடாதீங்க. யூரியால 46 சதவீதம் நைட்ரஜன், தண்ணில இருக்கிற பாக்டீரியா அதை அமோனியாவா மாத்திடும். ஒரே ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட, 100 லிட்டர் தொட்டில கரைஞ்சு முழுசா மாறினா லிட்டருக்கு 4.6 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வந்துடும். பிஹெச், அதாவது தண்ணியோட அமில கார அளவு, 7ல இருந்தா, 30 டிகிரி சூட்டுல, அதுல ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் மீனைக் கொல்ற வடிவத்துல இருக்கும், அதே சூட்டுல பிஹெச் 8க்குப் போனா 7 சதவீதத்துக்கு மேல ஏறிடும். அதனாலதான் ஒரே அளவு போட்ட ரெண்டு வீட்டுல ஒரு வீட்டு மீன் சும்மா நீந்திக்கிட்டிருக்கு, இன்னொரு வீட்டு மீன் மேல வந்து வாயைப் பிளக்குது. 15-15-15 மூட்டை உரமும் இந்தக் கதைதான், அதுலயும் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாவோ அமோனியாவாவோதான் இருக்கும். சித்திரை வெயில்ல, திஞ்சான் தண்ணித் திருவிழா சமயத்துல தொட்டித் தண்ணி கொதிக்கும்போது இந்த விஷப்பரீட்சை வேணவே வேணாம்.

பூந்தொட்டிக்குப் போடுற அந்த உருண்டை உருண்டையான மெதுவா கரையிற உரத்தையும் நிறைய பேரு கேப்சூல்ல அடைச்சு ரூட் டேப் (வேர்கிட்ட புதைக்கிற உர மாத்திரை) மாதிரி புதைக்கிறாங்க. வேலை செய்யும், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல நைட்ரஜன்ல நல்ல பங்கு அமோனியா, அதனால ஒரு உருண்டை கூட மண்ணுக்கு மேல வந்துடக் கூடாது. இன்னொண்ணு பாக்கெட்ல போட்டிருக்கிற மாசக் கணக்கை நம்பாதீங்க, அது 21 டிகிரி சூட்டை வெச்சுப் போட்ட கணக்கு, நம்ம ஊர்ல தொட்டித் தண்ணி 29, 30ன்னு நிக்குது, சூடு ஏற ஏற வேகமா கரையும். 3, 4 மாசம்னு போட்டது நம்ம கிட்ட அதுக்கு முன்னாடியே தீந்து போயிடும், அந்தக் குறுகின காலத்துக்குள்ள மொத்தச் சத்தும் வெளிய வந்துடும்கறதால எண்ணிக்கையைக் கம்மியா வெக்கிறது நல்லது. இதைப் பழகாதவங்க மீன் தொட்டிக்குன்னே செய்யற ரூட் டேப் வாங்கிக்கிட்டா நிம்மதி.

டேப் வெக்கிற விதத்துலயும் கை கொஞ்சம் பழகணும். நீளமான ட்வீஸர்ல டேபை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சாய்வா மணலுக்குள்ள இறக்குங்க, செடியோட தண்டுக்கு அடியில சரியா சொருகாம ஒரு ரெண்டு மூணு விரல் தள்ளி, வேர் போய்த் தொடுற தூரத்துல, குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. ட்வீஸரை உடனே உருவாதீங்க, உருவினா டேபும் கூடவே எழும்பி வரும், முனையை லேசா விரிச்சு விட்டு, டேப் நின்னுடுச்சுன்னு கைக்குத் தெரிஞ்சப்புறம் அதே சாய்வுல மெதுவா வெளிய எடுங்க, அப்புறம் விரலால அந்தக் குழியை மூடி அமுக்குங்க. பெரிய ஸ்வோர்டுன்னா சுத்தி ரெண்டு மூணு டேப், சின்ன க்ரிப்ட் கூட்டம்னா 10, 15 சென்டிமீட்டருக்கு ஒண்ணு போதும். மணல் 3 சென்டிமீட்டர்தான் இருக்குன்னா மொதல்ல மணலைக் கூட்டுங்க, அந்த ஆழத்துல டேப் வெச்சா அது தண்ணில ஊத்துன மாதிரிதான். டேப் வெச்ச இடத்துல சைஃபன் குழாயை விட்டு மணலைக் கிளறுறதும் தப்பு, அடில கரைஞ்சிருக்கிறது அப்படியே மேகம் மாதிரி எழும்பும், வாலிஸ் காட்டுக்குள்ள மேலாப்புல அழுக்கை இழுத்தாப் போதும்.

புதுசா அக்வா சாயில், அதாவது தொட்டிச் செடிக்குன்னே விக்கிற சத்து மண்ணு, போட்டவங்க டேப் வெக்கவே வேணாம். அதுலயே சத்து நிறைய, மொத சில வாரத்துக்கு அதுவே அமோனியா விடும், டெஸ்ட் கிட்ல அது பூஜ்யத்துக்கு வந்தப்புறம்தான் மீன் விடணும்.

அடுத்தது செம்புரைக்கல். ரங்கூனைச் சுத்தி ரோட்டுக்கும் சுவருக்கும் போடுற இந்தச் சிவப்புக் கல்லைப் பொடி பண்ணி தொட்டில போடுறது நல்ல யோசனைதான், அதுல இரும்பு அபாரமா இருக்கு. ஆனா அதை மேல தூவுறாங்க, இல்லன்னா மணலோட கலக்கி விடுறாங்க, தண்ணி நாள் கணக்குல செங்கமட்டிக் கலருல கிடக்குது, செடிக்கோ ஒண்ணும் கிடைக்கல. அந்தக் கல்லுல இருக்கிற இரும்பு துருப்பிடிச்ச வடிவம், ஆக்சிஜன் இருக்கிற இடத்துல கரையவே கரையாது, ஆக்சிஜன் குறைஞ்ச அடி மண்ணுலதான் வேர் எடுக்கிற வடிவத்துக்கு மாறும். அதனால நல்லா கழுவி அடி அடுக்கா மட்டும் போட்டு மேல 4, 5 சென்டிமீட்டர் மணல் மூடிடுங்க. அதுல நைட்ரஜன் பொட்டாசியம்லாம் பேருக்குக் கூட இல்ல, பாஸ்பேட்டையும் பிடிச்சு வெச்சுக்கும், அதனால அது ஒண்ணே போதும்னு விட்டுடாதீங்க. போர் தண்ணி பக்கெட்டெல்லாம் துரு நிறமா பண்ணுது, அப்ப இரும்பு இருக்குல்லன்னு சிலர் கேப்பாங்க, கறையா படியுதுன்னாலே அது கரையாத இரும்பா ஆயிடுச்சுங்க, இலைக்கு உதவாது.

பாட்டில் இரும்பு வாங்குறவங்க, இரும்பைக் கரைஞ்சபடியே பிடிச்சு வெக்க எந்தப் பொருளோட சேத்திருக்குன்னு லேபிள்ல பாருங்க. ஈடிடிஏன்னா பிஹெச் 6.5, 7 தாண்டினாலே பிரிஞ்சு வீணாப் போக ஆரம்பிக்கும், டிடிபிஏன்னா 7.5 வரைக்கும் தாங்கும். ஷான் மலைப் பக்கம் டவுஞ்சியில இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், சுண்ணாம்புக்கல் பூமி, தண்ணி கடினம், பிஹெச் கூட. 2006ல ஹோபோங் பக்கம் கண்டுபிடிச்ச அந்த அழகான முத்துப் புள்ளி டேனியோ மீனுக்குச் செடி அடர்ந்த தொட்டின்னா உயிர், அதை வளக்குறவங்க இரும்பை மண்ணுக்குள்ள குடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்ல.

இலையைப் படிக்கிறதுக்கு வரலாம், எனக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியம். பழைய இலை, அடில இருக்கிறது, முழுசா மஞ்சளாச்சுன்னா நைட்ரஜன் பத்தல, பழைய இலைல குண்டூசியால குத்தின மாதிரி ஓட்டை விழுந்து சுத்தி மஞ்சளானா பொட்டாசியம். நடுவுலேர்ந்து வர்ற புது இலை வெளிறிப் போய் நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா இரும்பு. செடிக்குள்ள நைட்ரஜனும் பொட்டாசியமும் நகரும், பத்தலன்னா கிழட்டு இலைலேர்ந்து உருவி குருத்துக்குக் குடுக்கும், இரும்பு அப்படி நகராது, அதனால குருத்துதான் மொதல்ல வாடும். பொட்டாசியம் பத்தாத தொட்டிக்கு இரும்பை ஊத்தி ஊத்தி என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

ஆனா புதுசா வாங்கி வந்த செடி மொத ரெண்டு மூணு வாரத்துல இலை கரைஞ்சு கண்ணாடி மாதிரி ஆனா அது உரக்குறை கிடையாதுங்க. நர்சரில பெரும்பாலும் தண்ணிக்கு மேலதான் வளத்து அனுப்புறாங்க, தண்ணிக்குள்ள போனதும் அந்த இலையை உதுத்துட்டு வேற மாதிரி இலை விடும், க்ரிப்ட்டை இடம் மாத்தி நட்டாலே இப்படி உருகும். அந்த நேரத்துல பயந்துபோய் உரத்தைக் கொட்டுறதுதான் நான் பாத்ததுலயே அதிகமா நடக்குற தப்பு. உருகின இலையை மட்டும் கிள்ளி எடுத்துட்டு வேரை அசைக்காம விடுங்க அண்ணே, கிழங்கு கெட்டியா இருந்தா குருத்து வரும்.

இங்க இன்னொரு கஷ்டம் கரண்ட். லைட்டு நாலு மணி நேரம்தான் எரிஞ்சுதுன்னா செடி அந்த அளவுக்குத்தான் சாப்பிடும், உரத்தை மட்டும் பாட்டில்ல எழுதினபடி முழுசா ஊத்திக்கிட்டிருந்தா மிச்சம் பாசிக்குத்தான். கரண்ட் கம்மியா இருக்கிற வாரம் தண்ணி உரத்தைப் பாதியாக்குங்க, வேர்ல வெச்ச டேப் பரவால்ல, அது மண்ணுலயே கிடக்கும். கரண்ட் வந்த நேரத்துல ஈடு கட்டறதுக்குன்னு லைட்டை ராத்திரி பூரா போட்டு விடாதீங்க, நாளைக்கு 6லேர்ந்து 8 மணி நேரம் போதும். பில்டர் நின்னு நின்னு ஓடுனா அதுல இருக்கிற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாம சாகும், அப்ப கொஞ்சமா வர்ற அமோனியாவைக் கூட சமாளிக்க ஆளில்ல, அதனால நீளமா கரண்ட் போற நாள்ல புது டேப் வெக்கிறதைத் தள்ளிப் போடுங்க, ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வெச்சுக்குங்க.

இறால் வெச்சிருக்கவங்க எந்த உரம் வாங்கினாலும் செம்பு எவ்வளவுன்னு பாத்து வாங்குங்க, லேபிள்ல சொன்னதுக்கு மேல ஒரு சொட்டும் வேணாம்.

டேப் வெச்சும் செடி தேறலன்னா ஓரத்துல ஒரே ஒரு வாலிஸ் கன்னை மட்டும் மெதுவா புடுங்கிப் பாருங்க. வேர் வெள்ளையா, மெல்லிசு முடி விட்டு இருந்தா கவலைப்படாதீங்க, நேரம் குடுங்க. கறுத்து, வழவழன்னு, அழுகின முட்டை நாத்தம் அடிச்சா அடி மண்ணு மூச்சடைச்சுப் போச்சு, ஒரே இடத்துல டேப் மேல டேப் திணிச்சிருப்பீங்க, இல்லன்னா ரொம்பப் பொடி மணலை ஆழமா போட்டிருப்பீங்க. அப்ப உரத்தை நிறுத்திட்டு அந்தப் பகுதியை ஒரு குச்சியால லேசா கொஞ்சங் கொஞ்சமா குத்தி விடுங்க, ஒரே நாள்ல மொத்தத்தையும் கிளறாதீங்க, அன்னைக்கே பாதித் தண்ணியும் மாத்திடுங்க. மணலுக்குள்ள புகுந்து திரியிற அந்தக் கூம்பு நத்தை கிடைச்சா ஒரு பிடி விடலாம். அடுத்த டேப் புது இலை ஒண்ணு ரெண்டு விட்டப்புறம்தான், அதையும் பழைய இடத்துல வெக்காம ஒரு சாண் தள்ளி வெச்சுக்குங்க.