மிக்ஸியில கேரட் ஜூஸ்: தேங்காப்பால் எடுக்கிற மாதிரி எடுங்க

ஜூஸர் இல்லாத வீட்டுக்குத்தான் இந்தப் போஸ்ட். ஜூஸர் வச்சிருக்கறவங்க கேரட்டை உள்ள தள்ளி பட்டனைப் போட்டுட்டு வேற வேலையைப் பாக்கலாம். எங்க வீட்ல இருக்கறது ஒரு பழைய 750 வாட்ஸ் மிக்ஸி, அதுல நாலு தடவை சொதப்பி அஞ்சாவது தடவைதான் குடிக்கிற மாதிரி வந்துச்சு, அதனால எங்க சொதப்புச்சுன்னு நல்லாவே தெரியும்.

கேரட் வாங்கறது

ஊட்டி கேரட் அரை கிலோ. நான் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில காலைல நேரத்தோட போய் வாங்குவேன், லேட்டா போனா ஒல்லிக் குச்சிதான் மிஞ்சும். பனி சீசன்ல செகப்பா நீளமா டெல்லி கேரட் வரும் பாருங்க, கலர் சூப்பரா இருக்கும், ஆனா ஜூஸுக்கு எனக்கு ஊட்டிதான் புடிக்கும், டெல்லி கேரட் அல்வாவுக்குப் போகட்டும். வளைச்சா ரப்பர் மாதிரி வளையற கேரட்டா இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, அரை மணி நேரம் ஐஸ் தண்ணியில போட்டு வச்சா திரும்ப மொறுமொறுன்னு ஆயிடும்.

கழுவி, மேலாப்ல தோலைச் சீவி, காம்புப் பக்கம் பச்சையா இருக்கற பாகத்தை தாராளமா வெட்டி எறிங்க. அது கசக்கும். முதல் தடவை "வேஸ்ட் பண்ணக்கூடாது"ன்னு அதையும் சேர்த்து அரைச்சுட்டு, கேரட்டே சரியில்லன்னு கடைக்காரரைத் திட்டினேன்.

அரைக்கறது (இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க)

நான் என்ன பண்ணேன்னா, கேரட்டை சாம்பார் துண்டா வெட்டி, பெரிய ஜார்ல போட்டு, ஜூஸ்தானேன்னு ரெண்டு டம்ளர் தண்ணியையும் ஊத்தி ஓட்டினேன். துண்டெல்லாம் தண்ணியோட சேர்ந்து மேல சுத்திட்டே இருக்கு, பிளேடுல மாட்டவே இல்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தா ஆரஞ்சு கலர்ல கழனித்தண்ணி, அடியில பாதி அரைபட்ட துண்டு. வடிகட்டினா தண்ணி மட்டும் வந்துச்சு, ருசி எல்லாம் சக்கையிலயே நின்னுடுச்சு.

இதைப் பாத்துட்டு எங்க அத்தைதான் சொன்னாங்க, "ஏன் கண்ணு, தேங்காப்பாலுக்கு எடுத்ததும் சொம்புத் தண்ணிய ஊத்துவியா?"ன்னு. அவ்ளோதான் விஷயமே!

அதனால முதல்ல கேரட்டை துருவிக்கோங்க, இல்ல பொரியலுக்கு நறுக்கற மாதிரி பொடியா நறுக்கிக்கோங்க. தண்ணி ஊத்தாம, விட்டு விட்டு, ரெண்டு செகண்ட் ரெண்டு செகண்டா ஓட்டுங்க. ஓரத்துல ஒட்டினதை ஸ்பூனால வழிச்சு விட்டு மறுபடி. ஈரமான ரவை மாதிரி ஆனதும் கால் டம்ளர், கால்தான், ஜில் தண்ணி ஊத்தி ஒரு நிமிஷம் ஹை ஸ்பீடுல விடுங்க. இப்ப கெட்டியா சட்னி பதத்துக்கு வரும், அதுதான் கரெக்ட்டு.

அரை கிலோவையும் ஒரே தடவை ஜார்ல அமுக்காதீங்க, ரெண்டு ஈடா போடுங்க. அப்படி அமுக்கித்தான் ஒரு நாள் மிக்ஸி கப்புன்னு நின்னுடுச்சு, மோட்டார் போச்சுன்னே நெனச்சு மெக்கானிக்குக்கு போனைப் போட்டா, "அடியில செகப்பு பட்டன் இருக்கும், கொஞ்சம் ஆறவிட்டு அமுக்குங்க"ன்னாரு. லோடு தாங்கலன்னா அது தானா கட் பண்ணிக்குமாம். இத்தனை வருஷமா அப்படி ஒரு பட்டன் இருக்கறதே தெரியாது.

பிழியறது

டீ வடிகட்டி வேண்டவே வேண்டாம். ரெண்டு நிமிஷத்துல அடைச்சுக்கும், அப்புறம் ஸ்பூனால தேச்சு தேச்சு நார் எல்லாம் கீழ இறங்கி தொண்டையில குத்தும். சில மிக்ஸிக்கு நடுவுல சல்லடை வச்ச ஜூஸ் ஜார் குடுக்கறாங்க, சாத்துக்குடி, திராட்சைக்கு ஓகே, கேரட்டுக்கு அதுவும் அடைச்சுக்குது, கழுவறதுக்குள்ள உசுரு போகும்.

பழைய காட்டன் வேட்டியில ஒரு துண்டு கிழிச்சு வச்சுக்கோங்க, அதை அடிச்சுக்க எதுவும் இல்ல. துணியை முதல்ல நனைச்சு முறுக்கிப் பிழிஞ்சுட்டு அப்புறம் போடுங்க, காஞ்ச துணி ஜூஸ்ல ஒரு பங்கை அதுவே குடிச்சுடும். விழுதை நடுவுல வச்சு மூட்டையா கட்டி முறுக்கினா கெட்டியா முதல் பால் இறங்கும். சக்கையை திரும்ப ஜார்ல போட்டு அரை டம்ளர் தண்ணி விட்டு ஒரு சுத்து, ரெண்டாம் பால். ரெண்டும் சேர்ந்து எனக்கு சுமார் 350 மில்லி வருது. கேரட்டைப் பொறுத்து முன்னப்பின்ன இருக்கும்.

சர்க்கரை தேவையே இல்ல, அதுவே இனிப்பு. சின்னத் துண்டு இஞ்சி, அரை எலுமிச்சம்பழம் போதும். கடை டேஸ்ட் வேணும்னா காய்ச்சி ஆறின பால், ஏலக்காய், அப்ப எலுமிச்சை கூடாது, திரிஞ்சுடும். கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின் கொழுப்பு இருந்தாத்தான் ஒடம்புல நல்லா சேரும், அதனால பாலோ, காலை டிபனோட சேர்த்தோ குடிக்கறது ஒரு வகையில நல்லதுதான்.

அப்டேட் 1: காலைல போட்டு பாட்டில்ல ஊத்தி ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு ரெண்டு மூணு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. கேரட்ல எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி புளிப்பு கிடையாது, சீக்கிரம் கெடும். 2006ல அமெரிக்காவுல பாட்டில் கேரட் ஜூஸை சரியா குளிர்ல வைக்காமப் போய் சில பேருக்கு போட்டுலிசம்னு, கிருமி விஷத்தால வர்ற ஆபத்தான நோய் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. போட்ட உடனே குடிங்க, மிஞ்சினா மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு அன்னிக்கே முடிச்சுடுங்க. அடியில படியறது கெட்டுப்போனது இல்ல, கலக்கிட்டு குடிக்கலாம்.

அப்டேட் 2: தினமும் ரெண்டு மூணு டம்ளர் குடிச்சு உள்ளங்கை மஞ்சளாயிடுச்சுன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. கரோட்டின் ஓவராப் போனா அப்படி ஆகும், குறைச்சா தானா போயிடும், ஆனா கண்ணு வெள்ளையும் மஞ்சளா இருந்தா அது வேற கதை, டாக்டரைப் பாருங்க. சுகர் இருக்கறவங்களும் கேட்டுட்டு குடிங்க, நார் எல்லாம் சக்கையில போயிடுதே.

அப்டேட் 3: ஜார் மூடி, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் ஆரஞ்சு கறை, சோப்பு போட்டும் போகலன்னு புலம்பறவங்களுக்கு: ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் விட்டு துணியால தேச்சுட்டு அப்புறம் கழுவுங்க. அந்தக் கலர் எண்ணெயிலதான் கரையும், தண்ணிக்கு அசையாது. சக்கையை நான் அடை மாவுல கலந்துடறேன். பொரியல் பண்ணிப் பாத்தேன், மரத்தூள் மாதிரி இருந்துச்சு, யாரும் தொடல.